ஏழு பேருக்குத் திறந்த கதவு

அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழு, 2025 நவம்பர் 3ஆம் தேதி, ஏழு ஆட்டக்காரர்களின் மூதாதையர் பத்திரங்கள் குறித்த வழக்கில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதன் பின்னரும் அதே வழக்கைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குக் கொண்டு செல்லச் சங்கம் எடுத்த முடிவு, இந்நாட்டு இரசிகர்கள் இதுவரை காத்துவந்த பொறுமையை அவமதிப்பதாகும். நொறுங்கிக் கிடக்கும் ஒரு தேசிய அணியைத் திரும்பக் கட்டியெழுப்பும் பொறுப்பில் இருப்பவர்கள், எது இடிந்தது, யாரால் இடிந்தது என்பதை முதலில் மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதை விடுத்து, நடந்தது நிர்வாக ஊழியர் செய்த தொழில்நுட்பத் தவறு என்ற ஒற்றை விளக்கத்தையே பற்றிக்கொண்டு, வழக்கறிஞர்களின் துணையோடு படிப்படியாக மேலே ஏறிச் செல்வது அணியை மீட்கும் வழியாகாது.

நடந்தவை வாசகர்கள் அறிந்தவையே என்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நடந்த ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஹரிமாவ் மலாயா எனப்படும் மலேசியத் தேசிய அணி வியட்நாமை 4-0 என்று வென்றபோது, அயல்நாடுகளில் பிறந்து புதிதாகக் குடியுரிமை பெற்ற ஏழு ஆட்டக்காரர்கள் களமிறங்கினர். அவர்களின் தாத்தா பாட்டிமார் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டத் தாக்கல் செய்யப்பட்ட பத்திரங்கள் போலியானவை என்று முடிவு செய்த ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, செப்டம்பர் 26 அன்று சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதமும் ஓராண்டுத் தடையும் விதித்தது. மூலப் பிறப்புப் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது, அந்த மூதாதையர் பிறந்த நாடுகள் அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் என்று தெரியவந்ததாகவும் அக்குழு தன் தீர்ப்பில் எழுதியது. டிசம்பரில் இன்னோர் அடியும் விழுந்தது. கேப் வெர்டி, சிங்கப்பூர், பாலஸ்தீனம் ஆகிய அணிகளுக்கு எதிராக ஆடிய மூன்று நட்புமுறை ஆட்டங்களில் மலேசியா ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்றாலும், தகுதியற்றவர்களைக் களமிறக்கிய காரணத்தால் மூன்றும் 0-3 என்ற தோல்விகளாக மாற்றி எழுதப்பட்டன. திடலில் பந்தை உதைத்தவர்கள் பெற்றுத் தந்ததை, கோப்புகளில் கையெழுத்திட்டவர்கள் தோற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

வெளிநாட்டில் பிறந்தவர் தேசிய அணியில் ஆடுவதில் குற்றம் ஏதுமில்லை என்பதை இவ்விடத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெற்று, பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்நாட்டு மண்ணில் பிறந்திருந்தால், அவர் அந்நாட்டுக்கு ஆடலாம் என்பது ஃபிஃபாவின் விதியாகும். இவ்வாறு சேர்க்கப்படுவோரையே மரபுவழி ஆட்டக்காரர் என்று அழைக்கிறார்கள். அண்டை நாடான இந்தோனேசியா, நெதர்லாந்தில் பிறந்த தன் வழித்தோன்றல்களைக் கொண்டு 2026 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் நான்காம் கட்டம் வரை முன்னேறியதும் இவ்வழியில்தான். தவறு விதியில் இல்லை, அதை ஓர் அணியின் முழு அடித்தளமாக்க முயன்றவர்களிடமும், அந்த அவசரத்துக்கு நாட்டின் குடியுரிமையையே கருவியாக்கியவர்களிடமும் இருக்கிறது. இந்தத் தலையங்கம் முதன்மையாகச் சொல்லும் குறையும் அந்தக் குடியுரிமையைப் பற்றியதே.

கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, வெளிநாட்டவர் ஒருவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதற்கான நிபந்தனைகளை வகுக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்திய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகளேனும் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், நிரந்தரமாக இங்கேயே வாழும் எண்ணம் வேண்டும், நல்லொழுக்கம் வேண்டும், மலாய் மொழியில் போதிய அறிவும் வேண்டும். இந்த ஏழு பேரைப் பொறுத்தவரை வசிப்புக் கால நிபந்தனை உள்துறை அமைச்சரின் தனி அதிகாரத்தைக் கொண்டு தளர்த்தப்பட்டது என்று நாடாளுமன்றத்திலேயே விளக்கமளிக்கப்பட்டது. அந்த அதிகாரம் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால், அதே அதிகாரம் யாருக்காக விரைகிறது, யாருக்காகத் துயில்கிறது என்ற கேள்வியைக் கிள்ளானிலும் பந்திங்கிலும் குவாலா சிலாங்கூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எழுப்பாமல் இருக்க முடியாது.

சிவப்பு அடையாள அட்டை என்பது நிரந்தர வசிப்பிட உரிமை பெற்றவருக்கு, அதாவது குடிமகன் அல்லாதவருக்கு, வழங்கப்படும் அட்டையாகும். குடிமக்கள் வைத்திருப்பது நீல நிற மைகார்ட். இந்நாட்டில் பிறந்து, இங்கேயே பால்வெட்டி, செம்பனைக் குலை சுமந்து, பேரப்பிள்ளைகளையும் இங்கேயே கண்ட முதியவர்கள், பிறப்பைப் பதியாத தோட்டக் காலத்துக் கவனக்குறைவாலோ, பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்படாததாலோ, கிடைக்க வேண்டிய தாள் ஒன்று உரிய காலத்தில் கிடைக்காததாலோ, அந்தச் சிவப்பு அட்டையோடேயே ஆயுளைக் கடத்தியிருக்கிறார்கள். 1960களின் இறுதியில் குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் கட்டாயமாக்கப்பட்டபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்துக்குக் கப்பலேறியதும் இதே தாளில்லாக் கொடுமையால்தான். எஞ்சியவர்களின் பிள்ளைகள் அக்குறையை வழிவழியாகச் சுமந்தார்கள். 2011இல் மைடஃப்தார் என்ற பெயரில் இந்தியர்களுக்கென ஆவணப் பதிவு இயக்கம் நடத்தப்பட்டது. 2018இல் 60 வயதைக் கடந்த, சிவப்பு அட்டை வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அறுபது வயது வரை ஒருவரைக் காக்க வைத்துவிட்டு வழங்கப்படும் குடியுரிமையில் அவருக்கு மிஞ்சுவது எவ்வளவு? வேலைக்கும் கல்விக்கும் கடனுக்கும் வீட்டுக்கும் அது தேவைப்பட்ட காலம் கடந்த பின்னரே அது வருகிறது. தேங்கிய விண்ணப்பங்கள் அண்மைக் காலமாக விரைவாக முடிக்கப்படுகின்றன என்று அமைச்சு கூறுவதை மறுக்க வேண்டியதில்லை; எனினும், 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு மலேசியத் தாய்மார் வழியாகக் குடியுரிமை கிடைக்க வழி செய்த அதே வேளையில், சிவப்பு அட்டைப் பெற்றோருக்கு இந்நாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இயல்பாகவே கிடைத்துவந்த குடியுரிமையை நீக்க ஒப்புதல் தந்ததையும் மறந்துவிட முடியாது.

லோசான் வரை செல்லும் முறையீடு இங்குதான் மனத்தைச் சுடுகிறது. குடியுரிமை விண்ணப்பங்கள் மீது அரசு எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யவோ மறு ஆய்வுக்கு உட்படுத்தவோ இயலாது என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. போலிப் பத்திரம் தாக்கல் செய்ததாகத் தீர்ப்புப் பெற்ற ஒரு சங்கத்துக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மேல்முறையீட்டுக் குழு, நடுவர் மன்றம் என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. உண்மையான பிறப்புப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற ஒரு வரிக் கடிதத்தோடு தேசியப் பதிவிலாகாவின் முகப்பிலிருந்து திரும்பும் தாய்க்கு ஒரு வாசலும் இல்லை. அந்தப் பதிவிலாகாவின் தலைமையகம் நிற்கும் புத்ராஜெயாவே பிராங் பெசார் முதலான நான்கு தோட்டங்களின் மீது எழுந்த நகரம். அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வியட்நாமை வென்ற அரங்கம் நிற்கும் புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டமாக இருந்த இடமே. அத்தோட்டத்தின் கடைசிக் குடும்பங்கள் மாற்று வீட்டுக்காக நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது.

இவையெல்லாம் காற்பந்துக்குத் தொடர்பில்லாதவை என்று கருதுவோர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். குடியுரிமை இல்லாத சிறுவனுக்குக் கடப்பிதழ் கிடையாது. கடப்பிதழ் இல்லாதவன் எத்தனை கோல் அடித்தாலும் நாட்டின் வயதுப் பிரிவு அணியில் ஆட முடியாது. கேரித் தீவிலோ கிள்ளான் புறநகரின் மலிவு விலை அடுக்குமாடியிலோ வளரும் அத்தகைய சிறுவனைத் தேடிச் சென்று, அவன் பத்திரத்தைச் சரிசெய்து தர ஒரு சங்கம் அமைச்சின் கதவைத் தட்டியதாக எவரும் கேள்விப்பட்டதில்லை. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற தலைமுறையில் அணிக்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன், நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று நாடே அழைத்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம், 2009இல் தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கத்தையும், 2010இல் சுசுகி கிண்ணத்தையும் உள்நாட்டு இளைஞர்களைக் கொண்டே வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். இவர்களையெல்லாம் தந்த தோட்டத் திடல்களும் இரயில்வே குடியிருப்புத் திடல்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. பிரிக்பீல்ட்ஸின் நூறு வீடுகள் குடியிருப்பும் இடித்துத் தள்ளப்பட்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் முளைத்து, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் உள்நாட்டு ஆட்டக்காரர்களை நம்பிக் களமிறங்கிய அணி, 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு லீக்கை விட்டே விலகியது. அது விலகியதைப் பற்றி முடிவெடுப்போர் வருந்தியதற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை.

முடிவெடுப்போரின் இக்கவனக்குறைவு நேற்று தொடங்கியதன்று. 1994இல் ஆட்ட முடிவுகளை விலைபேசிய ஊழல் அம்பலமாகி, 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டு, 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டபோது, தண்டனை திடலில் நின்றவர்களோடு முடிந்தது. நிர்வாகத்தின் கண்காணிப்பு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை வரவில்லை. இளம் ஆட்டக்காரர்களை ஆண்டு முழுவதும் ஒன்றாக வைத்துப் பயிற்றுவித்து, 2011 தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கம் வரை கொண்டுவந்த ஹரிமாவ் மூடா திட்டம், 2015 இறுதியில் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று அபுதாபியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் தேசிய அணி 10-0 என்று தோற்றிருந்தது; அந்தத் தோல்விக்குப் பயிற்றுநர் பதவியிழந்தார், வேறு எவரும் எதையும் இழக்கவில்லை. 2018 முதல் காம்பியா, கொசோவோ, பிரேசில் ஆகிய நாடுகளில் பிறந்த ஆட்டக்காரர்கள், இங்கே ஐந்தாண்டுகளுக்கும் மேல் ஆடிய தகுதியில் குடியுரிமை தரப்பட்டு அணியில் சேர்க்கப்பட்டார்கள். 2021 டிசம்பரில் அந்த அணி இந்தோனேசியாவிடம் 1-4 என்று தோற்று வீடு திரும்பியபோதும், அத்திட்டத்தால் விளைந்தது என்ன என்று மக்களுக்குக் கணக்குக் காட்டப்படவில்லை.

எல்லாவற்றிலும் மன்னிக்க முடியாதது, எச்சரிக்கை கண்ணெதிரிலேயே நடந்திருந்தும் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதுதான். 2018 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியாவின் பிரிவிலேயே ஆடிய திமோர் லெஸ்தே, பிரேசிலில் பிறந்தவர்களைப் போலிப் பத்திரங்களின் துணையோடு களமிறக்கியதற்காக, 2023 ஆசியக் கிண்ணத்திலிருந்தே ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தால் விலக்கப்பட்டது. தன்னோடு ஆடிய அணி அவ்வாறு வீழ்ந்ததை அறிந்த ஒரு நிர்வாகம், ஏழு பேரின் மூதாதையர் பத்திரங்கள் தன் மேசைக்கு வந்தபோது, அவற்றின் மூலப் பதிவுகளை ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஃபிஃபாவால் கண்டெடுக்க முடிந்த பிறப்புப் பதிவை, அதைச் சரிபார்க்க வேண்டிய கடமை தனக்கே இருந்த ஒரு சங்கத்தால் கண்டெடுக்க முடியவில்லை என்பதை நம்பச் சொல்வது மக்களின் அறிவை இழிவுபடுத்துவதாகும். சிவப்பு அட்டைக்காரர் ஒருவரின் விண்ணப்பத்தில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பும் அதே நாட்டில்தான், இந்தப் பத்திரங்கள் தடையின்றிக் கடந்து சென்றிருக்கின்றன.

சங்கத்தின் பொதுச் செயலாளரை இடைநீக்கம் செய்ததும், முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் தலைமையில் சுயேச்சை விசாரணைக் குழு அமைத்ததும் போதும் என்று எவரும் ஆறுதல் அடைய முடியாது. அப்பத்திரங்கள் எந்த முகவர் வழியாக வந்தன, யார் அவற்றை ஏற்றார்கள், யார் அமைச்சுக்கு அனுப்பினார்கள் என்பவை பெயர்களோடு வெளிவர வேண்டும். இத்தகைய வழக்குகளுக்குச் செலவிடும் பணத்தையும் காலத்தையும் நாட்டின் தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் கம்போங் திடல்களிலும் சீனப்பள்ளித் திடல்களிலும் செலவிடும் மனம் கொண்ட புதியவர்களிடம் அணி ஒப்படைக்கப்பட வேண்டும். அமைச்சரின் தனி அதிகாரம் இனி ஒருமுறை காற்பந்துக்காகப் பயன்படுத்தப்படுவதற்கு முன், அது கிள்ளான் பள்ளத்தாக்கின் சிவப்பு அட்டைக் குடும்பங்களை நோக்கித் திரும்ப வேண்டும். இவற்றில் எதையும், இந்த இழிவுக்கு வழிவகுத்து, அதே நாற்காலிகளில் அமர்ந்து மேல்முறையீட்டுக்குக் கையெழுத்திட்டவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. அவர்கள் உடனடியாக விலகியிருக்க வேண்டும்.