அங்கன்வாடி ஊழியரும் "கௌரவ"ச் சம்பளமும்

நம் நாட்டில் ஒரு வேலைக்குக் கூலி கொடுக்க மனமில்லாவிட்டால் அந்த வேலைக்குத் "தொண்டு" என்று பெயர் வைத்துவிடுவது நெடுநாளைய வழக்கமாகும். வேலை செய்கிறவர் பெண்ணாயிருந்துவிட்டாலோ, "தாயுள்ளம்" என்கிற மாலையும் சேர்த்துப் போடப்படும். அந்த மாலையைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியாதே என்பது மாத்திரம் போடுகிறவர்களுக்குத் தோன்றுவதில்லை.

1975ஆம் வருஷம் அக்டோபர் 2ந் தேதி 33 வட்டாரங்களில் துவக்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்படி இன்று நாடெங்கும் அங்கன்வாடிகள் நடக்கின்றன. (நம் கிராமங்களில் பால்வாடி என்றால்தான் தெரியும்.) அங்குள்ள அம்மையாருக்கு என்ன வேலை? 3 வயது முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பாடம் சொல்ல வேண்டும். எடை பார்த்துக் குறிக்க வேண்டும். உணவு கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்குப் பிள்ளைகளைத் திரட்ட வேண்டும். 2021 முதல் இவ்வளவையும் போஷன் டிராக்கர் என்ற செயலியில் ஏற்றவும் வேண்டும். இத்தனையும் செய்கிறவர் உத்தியோகஸ்தர் அல்லவாம், "கௌரவ ஊழியர்"ஆம்! வாங்குவது சம்பளமும் அல்லவாம், "மதிப்பூதியம்"ஆம்!

அந்த மதிப்பின் விலையைக் கேளுங்கள். 2018 அக்டோபர் 1 முதல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த தொகை ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதற்குமேல் மாநிலங்கள் தத்தம் மனம்போல் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று வகுத்திருப்பது அதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்தச் "சிறப்பு" என்பதற்கு, மற்றக் காலமுறைச் சம்பளக்காரரோடு இவரைச் சேர்க்கமாட்டோம் என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா?

"பிள்ளை வளர்ப்பது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதானே, இதற்கென்ன உத்தியோகச் சம்பளம்?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். வீட்டு வரவு செலவுக் கணக்கு எல்லாத் தகப்பன்மாருக்கும் தெரிந்ததுதானே, கஜானா அதிகாரிக்கும் மதிப்பூதியம் கொடுத்துப் பார்ப்பதுதானே என்று நாம் கேட்கிறோம். 2020ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையே (அதில் நமக்கு ஒவ்வாதவை அநேகம், அது வேறு சங்கதி) மூளை வளர்ச்சியில் 85 சதவிகிதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் ஏற்பட்டுவிடுகிறதென்று எழுதியிருக்கிறது. அந்த 85 பங்குக் காலத்தில் பிள்ளையோடு இருப்பவருக்குச் சில்லறை; மீதிக்குக் காலேஜ் சம்பளம். காலேஜ்காரருக்குக் குறைக்கச் சொல்லவில்லை. இது எந்த ஊர்க் கணக்கு என்றுதான் கேட்கிறோம்.

இவர்கள் வகிப்பது அரசாங்கப் பதவியல்ல என்று 2006இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதே கோர்ட்டு 2022 ஏப்ரல் 25ந் தேதி, 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டப்படி இந்த மதிப்பூதியமும் கூலியே என்றும், ஆகவே ஊழியருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டென்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் பணிக்கொடை வேலையை விட்டுப் போகும்போது வருவது. வீட்டு வாடகையோ மாதாமாதம் வருகிறது. ஆதலால் இவர்களுக்கு முறையான பயிற்சியும், ஆசிரியர் என்கிற பெயரும், அதற்கேற்ற காலமுறைச் சம்பளமும், ஓய்வூதியமும் சட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரையில், விழா மேடைகளில் இவர்களைத் "தாய்மார்கள்" என்று புகழ்கிற சட்டசபை மெம்பர்கள் தங்களுடைய மாதச் சம்பளத்தையும் அந்த மேடையிலேயே படித்துக் காட்டட்டும்.