இறங்குதளத்துக்குப் பக்கத்தில் இருப்பது யார்?

எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் தேயிலையைப் பிடுங்கி நிலத்தைச் சமப்படுத்தப் போகிறார்கள். பெரிய பங்களாவை நடத்தும் சுற்றுலாக் கம்பனிக்கு ஹெலிகொப்டர் இறங்க இடம் வேண்டுமாம். பிறகு சிறு விமானம் வந்து போக ஓடுபாதையும் போடலாம் என்று பேச்சு. அளவுக்குச்சிகள் நட்டாகிவிட்டன. பிரட்டுக்களத்தில் இதுவரை ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை.

ஆனால் எல்லைக்கு அப்பால், கிராமத்தில் காணி உறுதி வைத்திருக்கும் ஐந்து வீடுகளுக்கு ஆள் போயிருக்கிறது. ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்தும் வாங்கப்பட்டிருக்கிறது. அந்த வீடுகள் அரை மைல் தூரத்தில் இருக்கின்றன. மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து முதல் குச்சிக்குப் போக இரண்டு நிமிடம் போதும். ஏன் எங்களிடம் கேட்கவில்லை என்று தோட்டத் தலைவர் ஒபிசில் விசாரித்தபோது, லயம் தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டம் சம்மதித்தால் போதும் என்று பதில் வந்தது.

விமானச் சத்தத்தை விட இந்தப் பதில்தான் எங்களுக்குப் பெரிதாகக் கேட்கிறது. காணி தோட்டத்துக்குச் சொந்தமா? 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது, பிறகு குத்தகை எழுதப்பட்டது. ஆகக் காணி அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர். குத்தகைக்காரர் சுற்றுலாக் கம்பனிக்கு இடம் கொடுக்கலாமாம், நான்கைந்து தலைமுறையாக அதே மண்ணில் இருக்கும் நாங்கள் பக்கத்து வீட்டார் கூட இல்லையாம்!

நாங்கள் சொல்லும் ஆட்சேபனைகள் புதியவை அல்ல. ஏழாம் நம்பர் மலையை ஒட்டிய சவுக்கு மரங்களில் குளவிக்கூடுகள் தொங்குகின்றன. கழுகு மோதினாலே கலையும் குளவி, தலைக்கு மேல் ஹெலிகொப்டர் காற்று அடித்தால் என்ன செய்யும் என்று கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேளுங்கள். கூடையோடு சரிவில் ஓட முடியாது. குளவி கொட்டிச் செத்தவர்களை நாங்கள் தூக்கியிருக்கிறோம். விமானம் வரும் நேரத்தில் மலையில் ஆள் இருக்கக் கூடாது என்றால், அன்றைய பேரை யார் போடுவது?

அடுத்தது மண். ஆயிரம் மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம் என்று வைத்தாலே ஓடுபாதைக்கு ஏழு ஏக்கருக்கு மேல் தேவை. மலைநாட்டில் அவ்வளவு சமநிலம் தானாகக் கிடைக்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டிய மண்ணும் மழைத்தண்ணீரும் எங்கே போகும்? கீழே பணிய லயமும் பிள்ளைக்காம்பராவும் இருக்கின்றன. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை எந்தத் தோட்டமும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் ஒரு மண்வெட்டி விழக் கூடாது என்கிறோம். பாடசாலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கீழே மழை பெய்தாலே பாடம் நின்றுவிடுகிறது.

நம்மவர்களிலேயே சிலர், வந்தால் நல்லதுதானே, இளைஞருக்கு வேலை கிடைக்கும், அவசர நோயாளியைக் கொண்டு போகலாம் என்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றும் ஊரில் அந்த ஆசை வரத்தான் செய்யும். எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் வேலை, நோயாளிக்கு யார் செலவில் பயணம் என்று எழுதிக் கொடுக்கட்டும், படித்துப் பார்ப்போம். வாய்ப்பேச்சை நம்பி ஏழு ஏக்கர் தேயிலையைக் கொடுக்க முடியாது.

ஆட்சேபித்து என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நீர்கொழும்பைக் காட்டலாம். 2011இல் அங்கே களப்பில் நீரில் இறங்கும் விமானங்களைக் கொண்டுவரத் திட்டம் போட்டபோது மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். திட்டம் அப்போது நிறுத்தப்பட்டது. அந்தக் களப்பில் கட்டுதெல் வலை போடுபவர்கள் பரம்பரையாகச் சங்கம் வைத்து, சீட்டுக் குலுக்கி முறை பிரித்துக்கொள்பவர்கள். அந்த முறைக்குச் சட்ட ஒழுங்கும் உண்டு. தண்ணீரில் கூட அவர்களுக்கு எழுதப்பட்ட உரிமை இருந்தது. எங்களுக்குத் தரையில் இல்லை. ஏழு பேர்ச் காணி என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, உறுதி கையில் இருந்திருந்தால் அந்த ஆள் எங்கள் படியையும் ஏறியிருப்பார்.

உறுதி வரும்வரை சும்மா இருக்கவும் முடியாது. சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வர்த்தமானியில் வந்த பட்டியலில் விமான நிலையம் அமைப்பது இருக்கிறது. அத்தகைய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. ஆனால் மலையுச்சியைச் சமப்படுத்தி 'எச்' எழுத்துப் போடுவதை யாரும் விமான நிலையம் என்று அழைப்பதில்லை. முதலில் ஹெலிகொப்டர், பிறகு ஓடுபாதை என்று துண்டு துண்டாக வருவதில்தான் எங்களுக்குச் சந்தேகம். அதனால் முழுத் திட்டத்தையும் தமிழில் தரும்படி தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்கும் சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கும் கேட்கிறோம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

ஆட்சேபனைப் படிவம் தோட்டத் தலைவரிடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று போதாது, பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் தனித்தனியாக நிரப்புங்கள். பெண்கள் பெயரைக் கணவன் பெயருக்குக் கீழே சேர்க்க வேண்டாம். முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள். லய இலக்கம், காம்பரா இலக்கம், ஏழாம் நம்பர் மலைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள்.