கொல்லையில் மரத்தளம் போடலாமா?

தரைவீடு வாங்கியதும் நம்மவர்கள் கொல்லையில் முருங்கை நடுவார்கள். என் மைத்துனருக்கோ பூப்பந்து ஆடுகளம் வேண்டுமாம். அதுவும் மரத்தளம். “சிமெண்டில் ஆடியே என் முட்டி தேய்ந்துவிட்டது மச்சான், பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது,” என்றார்.

அவர் கவலையில் நியாயம் உண்டு. சிமெண்டுத் தரை கொஞ்சமும் அமுங்காது. குதித்து இறங்கும் வேகம் அப்படியே முட்டிக்குத் திரும்புகிறது. ஆனால், மரத்தளத்தின் மென்மை பலகையில் மட்டும் இல்லை. பலகைக்கு அடியில் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு அடியில் ரப்பர் துண்டுகள் என்று அடுக்கியிருப்பார்கள். அவை அமுங்கி எழுவதால்தான் கால் தப்பிக்கிறது. சிமெண்டின்மேல் பலகையை நேரே ஒட்டினால், பார்வைக்கு மரம். முட்டிக்கு அது கிட்டத்தட்ட சிமெண்டுதான்.

அடுத்தது நம் ஊர் வானிலை. இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஈரத்தைக் குடித்த பலகை அகலவாக்கில் உப்பும். உப்புவதற்கு இடம் இல்லையென்றால் ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பும். அதனால்தான் மண்டபங்களில் சுவரோரம் இடைவெளி விட்டுப் பலகை பதிக்கிறார்கள். திறந்தவெளி என்றால் மழை, வெயில், கரையான் மூன்றும் சேர்ந்துகொள்ளும். நனைந்த பலகையில் கால் வழுக்கும்.

ஆகவே கூரை வேண்டும். கூரை போடுவதற்கு முன் அனுமதி தேவையா என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்டுவிட வேண்டும். பக்கச்சுவரும் இருந்தால் நல்லது. பூப்பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். சின்னக் காற்றுகூட அதைத் திருப்பிவிடும்.

இடமும் போதவேண்டுமே! இரட்டையர் ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். கிட்டத்தட்ட 82 சதுர மீட்டர். நான்கறை வீவக வீடே ஏறத்தாழ 90 சதுர மீட்டர்தான். சுற்றிலும் ஓட விடும் இடம் தனி.

மைத்துனரிடம் இன்னொன்றும் சொன்னேன். இரட்டையர் ஆட்டத்துக்கு நால்வர் வேண்டும். அவர் வீட்டில் பிள்ளைகள் இருவர். சிங்கப்பூரில் இந்த ஆட்டம் பொது இடத்தில் வளர்ந்தது. கில்லமார்ட் ரோட்டில் 1952ல் கட்டிய பூப்பந்து மண்டபத்தில்தான், 1955ல் மலாயா டென்மார்க்கை 8-1 என்று வென்று தாமஸ் கிண்ணத்தைத் தக்கவைத்தது. இன்று நம் பேட்டைகளில் விளையாட்டு மண்டபங்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் முன்பதிவு செய்யலாம். பக்கத்துத் தளத்தில் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் ஆடுவார்கள். ஆள் குறைந்தால் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கும் இந்த ஆசை இருந்தால், பலகை விலை கேட்க ஜாலான் புசார் கடைகளுக்குப் போகுமுன் கொல்லையை ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கே உங்கள் பிள்ளையோடு வாரம்தோறும் யார் ஆட வருவார்கள் என்பதையும் பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள்.