மூக்குக்கு டியூஷன்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டே வழி சொல்லலாம். புளித்த வாடை அடித்தால் ஜவ்வரிசி ஆலை. பக்கத்து சீட்காரர் கர்ச்சீப்பை எடுத்தால் கோழிப்பண்ணை. இரண்டும் தெரியவில்லையென்றால் நீங்கள் தூங்கிவிட்டீர்கள், அல்லது உங்கள் மூக்கு தூங்கிவிட்டது.

2020-ல் வந்த கொரோனா, பலர் மூக்கை அப்படித் தூங்கவைத்தது. நாமக்கல் நண்பர் ஒருவருக்கு மாதக்கணக்கில் காபியும் வெந்நீரும் ஒன்றுதான். வீடு கோழிப்பண்ணைக்கு எதிரே. "கொடுத்து வச்சவருங்க நீங்க!" என்றது ஆபீஸ். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாள் அடுப்பில் கேஸ் கசிந்திருக்கிறது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்!

சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றத்தைக் கலக்கிறார்கள். எல்லாம் நம் மூக்கை நம்பித்தான். கேஸ் டேங்கர் லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வைத்தியம்? நம் பாட்டி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வாள். சித்த வைத்தியர் மூக்கில் மருந்து விடுவார், பேர் நசியம். கொரிய வைத்தியர் ஊசியை எடுப்பார். மூக்கின் இரு ஓரத்திலும் அவர் குத்துகிற புள்ளிக்குப் பெயரே 'மணத்தை வரவேற்பது' என்று அர்த்தம். கூடவே மக்னோலியா மொட்டுக் கஷாயம். ஆவி மூக்கடைப்புக்கு இதம்தான். ஆனால் இவை எதுவும் வாசனை நரம்பைத் தட்டி எழுப்பும் என்பதற்கு இன்னும் உறுதியான சாட்சி இல்லை.

சாட்சி கொஞ்சம் பலமாக இருப்பது ஜெர்மனிக்காரர் சங்கதிக்கு. 2009-ல் தாமஸ் ஹம்மல் குழுவினர் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நாலு வாசனையைக் காலையும் மாலையும் முகரவைத்தார்கள். 12 வாரத்தில் பலருக்கு முன்னேற்றம். காரணம், மூக்கிலுள்ள வாசனை நரம்பு செல்கள் புதிதாக முளைக்கக்கூடியவை. டியூஷன் வைத்தால் படிக்கும். நாலும் மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கிற சரக்குதான்.

நண்பர் மூக்குக்கு ஏழாவது வாரம் கோழிப்பண்ணை வாடை வந்ததாம். ஆபீஸில் சாக்லேட் கொடுத்தார்!

எல்லோருக்கும் பலிக்கும் என்று உத்தரவாதமில்லை. வாரக்கணக்கில் வாசனை திரும்பாவிட்டால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். அதுவரை ராத்திரி படுக்குமுன் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். அதற்கு மூக்கு வேண்டாம், கை போதும்.