களைப்பு சோம்பல் அன்று

“சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்” என்பது பழமொழி. இதைக் கட்டுரைப் போட்டிகளில் பலமுறை எழுதியிருக்கிறோம், பரிசும் பெற்றிருக்கிறோம். ஆனால் நம் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தோமா, தோழியரே?

இவ்வாண்டு விளையாட்டு விழா ஒத்திகையின்போது, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி திடலை இரண்டு முறை சுற்றி ஓடியதுமே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள். “இவளுக்கு எப்போதும் ஒரு சாக்கு” என்று நாங்கள் சிரித்தோம். மறுநாளும் அப்படியே, மறுபடியும் சிரித்தோம். மூன்றாம் நாள் அவள் மயங்கி விழுந்தாள். இரத்தப் பரிசோதனையில் அவளுடைய ஹீமோகுளோபின் 8 கிராம்தான் என்று தெரிந்தது. நம் வயதுப் பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையக்கூடாது. நாம் மூன்று பங்கு வலிமையோடு ஓடிய இடத்தில் அவள் இரண்டு பங்கோடு ஓடியிருக்கிறாள்! சோம்பேறி என்று நாங்கள் பெயர் சூட்டியவள், உண்மையில் எங்களைவிட அதிகமாகப் பாடுபட்டிருக்கிறாள். அன்று எங்களுக்கு ஏற்பட்ட வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எல்லாக் களைப்பும் நோய் அன்று. ஆண்டு முழுவதும் பெஞ்சில் அமர்ந்திருந்துவிட்டு, விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது திடீரென்று ஓடினால் கால்கள் கெஞ்சத்தான் செய்யும். பழக்கமில்லாத தசைகளின் நுண்ணிய இழைகள் சற்றுச் சிதைவதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி இருக்கும்; பின்னர் தானே தணியும். இதற்கு மருந்து, சிறிது சிறிதாகப் பழகுவதே. நம் வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை அசைத்து ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாமோ பத்தாம் வகுப்புக்கு வந்ததும், உடற்கல்வி வகுப்பு கணக்கு வகுப்பாக மாறினாலும் மறுபேச்சின்றி நோட்டை எடுக்கிறோம்!

அடுத்து, நம் காலை உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு டம்ளர் காப்பியோடு ஓடி வருபவர் நம்மில் எத்தனை பேர்! இரவு முழுவதும் உண்ணாததால், கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரை காலையில் பெரிதும் குறைந்திருக்கும். அந்த நிலையில் ஓடினால் கண் இருட்டாமல் என்ன செய்யும்? 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா அவர்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில், ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். அங்கே தமக்கு ஏற்ற உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் உண்டதே கடைசி 35 மீட்டரில் தம்மைப் பாதித்தது என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். தடகள அரசிக்கே அந்நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ, ஒரு வாழைப்பழமோ உண்டுவிட்டு வந்தாலே போதுமே.

தண்ணீர் விஷயத்தில் நாம் செய்வது இன்னும் மோசம். கழிவறைக்குப் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து மாலை வரை பாட்டிலைத் திறவாமலே இருக்கிறோம். வெயிலில் வியர்வையாக வெளியேறும் நீரை யார் ஈடு செய்வது? தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்பிட்டுக் கொண்டு வரலாம்.

இனி, வெளியே பேசத் தயங்கும் ஒரு செய்தி. மாதந்தோறும் நாம் இழக்கும் இரத்தத்தோடு இரும்புச் சத்தும் போகிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. எங்கள் வகுப்பில் 50 பேர். அந்தக் கணக்கில் ஏறக்குறைய 30 பேர்! வாரந்தோறும் பள்ளியில் தரும் நீல மாத்திரை இதற்காகத்தான். ஆனால் அது போய்ச் சேரும் இடம் எது? ஜன்னலுக்கு வெளியே உள்ள செம்பருத்திச் செடிக்கு இரத்தசோகை வரவே வராது! வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும் என்பது உண்மையே. மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் தொல்லை குறையும். முருங்கைக்கீரை, சுண்டல், பேரீச்சை, ஈரல் ஆகியவற்றை உண்ண வேண்டும். கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் அது சேராமல் தடைபடும்.

திடலிலும் சில நெறிகள் உண்டு. ஓடுமுன் ஐந்து நிமிடம் மெல்ல நடந்து உடலைச் சூடேற்ற வேண்டும். ஓடி முடித்ததும் சட்டென்று நின்றால் கால்களில் இறங்கிய இரத்தம் மேலேறத் தாமதித்துத் தலை சுற்றும். ஆகவே சிறிது நடந்த பிறகே அமர வேண்டும். இரவில் குறைந்தது 8 மணி நேரம் உறங்க வேண்டும். டெங்கு போன்ற காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் அவசரப்படலாகாது. ஒரு நாள் ஓடி இரண்டு நாள் படுத்துக் கிடப்பதைவிட, நாளும் சிறிது நடப்பதே மேல். நெஞ்சுவலி, மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு, வாரக்கணக்கில் தீராத அயர்வு ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் போயாக வேண்டும். இவற்றைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது வீரம் ஆகாது.

ஆசிரியைகளுக்கும் அன்னையருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. “களைப்பாக இருக்கிறது” என்று ஒரு பெண் சொன்னால், “ஏன் இந்தச் சோம்பல்?” என்று கேட்பதற்கு முன், “சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா, தூங்கினாயா?” என்று கேளுங்கள். எங்கள் உடற்கல்வி வகுப்பையும் எங்களுக்கே விட்டுவிடுங்கள்.

எங்கள் தோழி மூன்று மாதம் மருத்துவர் தந்த மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டாள். சென்ற வாரம் திடலை நான்கு முறை சுற்றி வந்தாள். வேப்பமர நிழலில் மூச்சு வாங்க உட்கார்ந்தது நாங்கள்தான்! அவள் சிரிக்கவில்லை, தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

தோழியரே, முதலில் சுவரைக் காப்போம். பிறகு சித்திரம் எழுதுவோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி