ஒரே நாள்ல ரோம் 'முடிச்சாச்சாம்'!

பயண அட்டவணையில் 'ரோம்'னு போட்டிருக்கும். நம்பாதீங்க மக்களே! கப்பல் நிக்கிறது சிவிட்டவெக்கியா துறைமுகத்துல. அங்கேருந்து ரோமுக்கு சுமார் 70 கிலோமீட்டர்.

காலைல எங்களை பஸ்ஸில் ஏத்தினாங்க. கொலோசியம் வாசல்ல இருபது நிமிஷம், ட்ரெவி நீரூற்றுல காசு போட பத்து நிமிஷம், அப்புறம் வாடிகனுக்கு ஒரே ஓட்டம். சிஸ்டைன் சேப்பல் விதானத்தை மைக்கேலாஞ்சலோ 1508ல ஆரம்பிச்சு 1512 வரை வரைஞ்சார். நாலு வருஷம்! நமக்குக் கிடைச்சது நாலு நிமிஷம். அண்ணாந்த கழுத்து நிமிர்றதுக்குள்ள கொடி பிடிச்ச வழிகாட்டியம்மா 'கிளம்புங்க, கிளம்புங்க'.

'தனியா போனா கப்பல் விட்டுட்டுப் போயிடும்'னு பயமுறுத்துவாங்க. நேரத்துக்கு வரலைன்னா காத்திருக்காதுதான், நிஜம். அதுக்காக? ரயில்ல ஒரு மணி நேரம் சொச்சம். ரெண்டு ரயில் முன்னாடியே திரும்பிட்டா போச்சு. எட்டு இடத்தை எட்டிப் பார்க்கிறதுக்கு ஒரே இடத்தை நின்னு பாருங்க. கிட்டத்தட்ட 1900 வருஷமா நிக்கிற பாந்தியன் போதுமே. கூரை நடுவுல இருக்கிற வட்டத் திறப்பு வழியா வெயில் உள்ளே இறங்குறதை அரை மணி பார்த்தாலே ஜென்ம சாபல்யம்.

ராத்திரி கப்பல் சாப்பாட்டு மேஜைல எல்லாரும் 'ரோம் முடிச்சாச்சு'ன்னாங்க. முடிக்கிறதுக்கு அதென்னங்க, வீட்டுப்பாடமா?