இரட்டைக் கன்றில் ஒரு கிடேரி

வேலை முடிந்து வந்து புல் அறுத்துப் போட்டுப் பசு வளர்க்கும் அன்பர்களே! பசு இரட்டைக் கன்று ஈன்றால் வீடே மகிழும். ஆனால் ஒன்று காளை, மற்றது கிடேரி என்றால், அந்தக் கிடேரியை அடுத்த பால்மாடு என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை சினைப்படுவதே இல்லை.

கண்ணேறும் அல்ல, செய்வினையும் அல்ல. தாய் வயிற்றில் ஆரம்ப வாரங்களிலேயே இரு கன்றுகளின் நஞ்சுக்கொடிகளும் ஒட்டி, இரத்தக் குழாய்கள் ஒன்றாகிவிடுகின்றன. காளைக்கன்றுக்குச் சுரக்கும் ஹார்மோன் அவ்வழியே கிடேரிக்கும் போய், கருப்பையும் சினைப்பையும் சரியாக வளராதபடி கெடுத்துவிடுகிறது. 1916-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து ஃபிராங்க் லில்லி இதை விளக்கினார். கருவிலேயே நேர்ந்துவிட்ட குறை. பிறகு எந்த மருந்தும் பலிக்காது. நேர்த்திக்கடனும்தான்!

பார்வைக்கு மற்றக் கன்றைப் போலவே துள்ளும். இரண்டு வருஷம் தீனி போட்டு, காளைக்கு விட்டு, ஊசியும் போட்டு அலுத்த பிறகு தெரிந்து என்ன பயன்? பிறந்த சில வாரங்களிலேயே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இந்தக் கன்றுகளுக்கு யோனிக் குழாய் குட்டையாக இருக்கும். அளந்து பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். இரத்தப் பரிசோதனையும் உண்டு. வெள்ளாட்டில் இது அபூர்வம்.

ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளை பெற்ற தாய்மார்களே, உங்களுக்குப் பயம் வேண்டாம். மனிதரில் அப்படிப்பட்ட இரட்டையரின் இரத்தக் குழாய்கள் சாதாரணமாகக் கலப்பதில்லை. உங்கள் மகளுக்கு வரன் பேசும்போது யாராவது மாட்டுக் கதையை இழுத்தால், இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.